உங்கள் கிணற்றில் பருப்பு வேகுமா?

1

இதை நிதானமாக எழுதுவேன் என்று எதிர்பார்க்காதீர்கள். கை பரபரக்கிறது. நான் கவலைக்கென்றே பிறந்த ஆள். கவலை இல்லாத நாளில் எதையோ மறந்துவிட்டோமோ என்று கவலைப்படுவேன். பஸ் வரவில்லையென்றால் கவலை. சீக்கிரம் வந்துவிட்டால் பிரேக் பிடிக்கவில்லையோ என்று கவலை. அப்படிப்பட்டவன் இரண்டு வாரமாகச் சின்னப் பையன் மாதிரி குதித்துக்கொண்டிருக்கிறேன். ஊர்க்காரர்களிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

நான் ஆம்பூர்க்காரன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டுத் தோல் ஷாப்புக்குப் போனவன். தோல் பதனிடுகிற இடத்துக்கு நம் பக்கத்தில் ஷாப் என்றுதானே பேர்! அங்கே மரப்பட்டைச் சாற்றில் தோலை ஊறவைக்கும் பட்டைக் குழியில் கற்றுக்கொண்ட தொழில் என்னைக் கடல் தாண்டிக் கென்யாவுக்குக் கொண்டுவந்து போட்டது. வந்து பதினைந்து வருஷம் ஆகிறது. மேட்டுப்பாங்கான சிறிய ஊர், செம்மண், நல்ல குளிர். ஊர்க் கோடியில் ஒரு ஓடை, ஓடைக்கரையில் எங்கள் ஷாப். நான் அங்கே ஃபோர்மேன்.

என் மகள் பியூலா கைக்குழந்தையாக இங்கே வந்தவள். இப்போது உயர்நிலைப் பள்ளியில் தொழிற்பிரிவில் படிக்கிறாள். அந்தப் பிரிவில் விவசாயமும் மண்ணையும் தண்ணீரையும் காப்பதும்தான் பாடம். அவளுக்குத் தமிழ் புரியும், பேசுவாள், எழுத்து மட்டும் ஏறவில்லை. என்னை 'அப்பா' என்று கூப்பிடுவதை ஆறு வயதிலேயே விட்டுவிட்டாள். இந்த ஊர் வழக்கப்படி 'பாபா'. மரியாதை வேறுபாடும் கிடையாது. எனக்கும் 'நீ', பாதிரியாருக்கும் 'நீ', நாய்க்கும் 'நீ'.

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலையில் இரண்டு காலி பாட்டில்களைக் கொண்டுவந்து என் டீ டம்ளருக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"பாபா, நீ எனக்குத் தண்ணி கொண்டு வரணும். ஒண்ணு, ஓடையில உன் ஷாப்புக்கு மேல. இன்னொண்ணு, உன் ஷாப்புக்குக் கீழ."

"எதுக்கு?"

"வாஞ்சிரு டீச்சர் சொன்னாங்க. எல்லாரும் வீட்டுப் பக்கத்துத் தண்ணி கொண்டு வரணும். அதுல விதை போட்டு வளர்க்கறோம். அப்புறம் பேரன்ட்ஸ் டே அன்னிக்கு எல்லாருக்கும் காட்டறோம்."

வாயில் இருந்த டீயை விழுங்குவதா துப்புவதா என்று தெரியவில்லை எனக்கு.

2

நான் ஏன் அப்படி அடித்துப்போட்டது மாதிரி உட்கார்ந்தேன் என்று புரிய வேண்டுமானால் பருப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நம் பக்கத்துக்காரர்கள் வெளியூரில் குடியேறினால் முதலில் என்ன செய்வோம்? பால் காய்ச்சுவோமா? பருப்பு வேகவைத்துப் பார்ப்போம். உப்புத் தண்ணீர், சுண்ணாம்புத் தண்ணீர் என்றால் துவரம் பருப்பு மணிக்கணக்கில் கொதித்தாலும் கூழாங்கல் மாதிரிக் கிடக்கும். அதுதான் நமக்குத் தெரிந்த பரிசோதனை. நான் கென்யாவில் வந்து இறங்கிய மறுநாளே பெட்டியிலிருந்து பருப்பை எடுத்து, ஊர் வழக்கப்படி நேரத்தோடு ஊறவைத்து, சோடா உப்பு ஒரு சிட்டிகை போட்டு, அடுப்பில் ஏற்றிவிட்டு விறகு தேடப் போனேன். நாலு சுள்ளியோடு திரும்பிவந்து மூடியைத் திறந்தால் பருப்பைக் காணோம்! மஞ்சளாக ஒரு பசை. சுவரில் போஸ்டர் ஒட்டலாம்.

என் மனைவி லில்லி எட்டிப் பார்த்தாள். "இன்னாங்க இது, பருப்பா, வர்ணமா?"

"வெந்துடுச்சு லில்லி! தானா வெந்துடுச்சு!"

அந்தப் பசையை உப்பு போட்டு இரண்டு பேரும் வழித்துச் சாப்பிட்டோம். நல்ல தண்ணீர் ஊருக்கு வந்துவிட்டோம் என்று சிரித்தோம். அன்றோடு இந்த ஊர்த் தண்ணீரைப் பற்றி நான் கவலைப்படுவதை விட்டேன். நான் கவலையை விட்ட ஒரே விஷயம் அதுதான். எங்கள் வீட்டுக் குழாயில் வருவது மலைத் தண்ணீர் என்பதும், ஷாப்பைத் தாண்டி ஓடும் ஓடைத் தண்ணீரில்தான் கீழே உள்ள தோட்டக்காரர்கள் வாழ்கிறார்கள் என்பதும் தனித்தனி விஷயம் என்று யோசித்ததில்லை.

பியூலாவின் பாட்டில்கள் அதைத்தான் கேட்டன. கூடவே அவை எனக்கு எஸ்தரை ஞாபகப்படுத்தின.

3

எஸ்தர் என் தங்கை. எனக்கு வராமல் போன படிப்பையும் சேர்த்து எடுத்துக்கொண்டவள். விவசாயத்தில் பட்டப்படிப்பு படித்தாள். நம் ஊரில் மேல்நிலைப் பள்ளிகள் வந்து, பதினோராம் வகுப்பில் தொழிற்கல்வி என்று தனிப் பிரிவு தொடங்கினார்களே, அந்தச் சமயத்தில் மாதனூர்ப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் விவசாய ஆசிரியையாகத் தற்காலிகமாகச் சேர்ந்தாள்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒருமுறை நான் லில்லியோடு லீவில் ஊருக்கு வந்திருந்தேன். அவள் வகுப்பைப் பார்க்கப் போனேன். ஒன்றரை பெஞ்சுப் பிள்ளைகள். விவசாயப் பிரிவு என்றால் மார்க் வாங்காத பிள்ளைகளை ஒதுக்குகிற மூலை என்று மற்ற வாத்தியார்களுக்கு நினைப்பு. பெற்றோருக்கோ வேறு நினைப்பு. "ஏர் ஓட்டறதுக்கு எதுக்கு டீச்சர் பரீச்சை? ஷூ கம்பெனி பஸ்ஸு வாசல்ல வந்து நிக்குது, ஏத்தி அனுப்பிடறேன்" என்பார்கள்.

இது போதாதென்று கல்வி அலுவலகத்திலிருந்து ஒரு உத்தரவு: செய்முறைக்கு நிலம் இல்லாத பள்ளியில் விவசாயப் பிரிவு நடத்தக் கூடாது. பள்ளியிடம் இருந்த நிலம் கொடிக்கம்பம் நட்ட இடம் மட்டும். எஸ்தர் அலையாத வீடு இல்லை. கடைசியில் ஏழுமலை என்ற விவசாயி, தன் மகள் கலா அந்த வகுப்பில் படிப்பதால், கொல்லையில் ஒரு பகுதியையும் கிணற்றையும் சும்மாவே கொடுத்தார். அந்தக் கொல்லை இருக்கும்வரைதான் வகுப்பு. கொல்லை போனால் வகுப்பும் போகும், என் தங்கையின் வேலையும் போகும்.

பிள்ளைகள் ஆசையாகக் கத்திரி வைத்தார்கள், தக்காளி வைத்தார்கள். எல்லாம் ஓரம் கருகி நின்றது. கொல்லைக்கு மேற்கே ஒரு ஷாப்பின் கழிவுக் கால்வாய் போகிறது. பட்டை போட்டுப் பதனிட்ட காலத்தில் அந்தத் தண்ணீரையே தென்னைக்குப் பாய்ச்சியவர்கள் நம் ஆட்கள். அப்போதே தோலோடு உப்பும் சுண்ணாம்பும் வந்தன. பிறகு தோலும் ஜாஸ்தி, உப்பும் ஜாஸ்தி, பட்டைக்குப் பதில் ரசாயனம். கால்வாய் மட்டும் அதே கால்வாய்.

"டீச்சர், நாம தப்பா நட்டுட்டமா?" என்று ஒரு பையன் கேட்டானாம்.

மறுநாள் எஸ்தர் ஆளுக்கொரு பாட்டில் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னாள். குயவர் வீட்டிலிருந்து சின்னச் சட்டிகள் வந்தன. ஒரே மண், ஒரே விதை, தண்ணீர் மட்டும் வேறு வேறு. பள்ளியின் முன்சுவர் மேல் வரிசையாக வைத்து, எந்தக் கிணறு என்று சாக்பீஸால் எழுதினார்கள். பிள்ளைகள் சும்மா இருப்பார்களா? கூடவே ஒவ்வொரு தண்ணீரிலும் பருப்பு வேகவைத்துப் பார்த்தார்கள். மத்தியானம் அந்த வகுப்பில் கரும்பலகையைவிட அடுப்புக்குத்தான் கூட்டம்.

நான் போன அன்று முளை விட்டிருந்தது. சில சட்டிகளில் பச்சைப் பசேல். சிலவற்றில் முளைத்து மஞ்சளாகத் துவண்டது. இரண்டு மூன்றில் மண் மட்டும், மேலே வெள்ளையாக உப்புப் பூத்து. புத்தகத்தைக் கண்டாலே தூங்கிவிழும் பிள்ளைகள் சட்டியைச் சுற்றிக் கத்திக்கொண்டிருந்தார்கள். "டேய், உங்க கிணறு பாஸு!" "எங்களுது பெயிலு டீச்சர், ஆனா காலையில ஒரு இலை எழுந்து நின்னுச்சு, நான் பார்த்தேன்!"

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. எட்டாவதில் எனக்கு இப்படி ஒரு வகுப்பு இருந்திருந்தால் நான் ஏன் ஷாப்புக்குப் போகிறேன் என்று நினைத்தேன். நினைத்த மறு நொடியே கவலை பிடித்துக்கொண்டது. அந்த முன்சுவர் பஸ் ஸ்டாப்பைப் பார்த்து இருக்கிறது.

4

இப்போது கென்யாவுக்குத் திரும்புகிறேன், என் டீ ஆறிக்கொண்டிருக்கிறது.

இங்கே எங்களுக்கு வேலை அனுமதிச் சீட்டு என்று ஒன்று உண்டு. குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். இந்த வேலையை உள்ளூர்க்காரர் ஏன் செய்ய முடியாது என்று அதில் ஒரு கேள்வி. அதற்குப் பதில் எழுதிக் கையெழுத்துப் போடவேண்டியவர் என் முதலாளி. கல்வித் தகுதி என்ற இடத்தில் ஒவ்வொரு தடவையும் எட்டாம் வகுப்பு என்று எழுதுகிறேன். கவுன்ட்டரில் இருக்கும் அம்மாள் ஒவ்வொரு தடவையும் கண்ணாடியைத் தூக்கிவிட்டு என்னை ஒருமுறை பார்ப்பாள். முதலாளி கையெழுத்து மட்டும் இல்லையென்றால் நான் அந்தக் கவுன்ட்டரிலிருந்து நேராக விமான நிலையத்துக்குத்தான் போக வேண்டும்.

அந்த முதலாளியின் ஷாப்புக்குக் கீழே ஓடும் தண்ணீரை என் மகள் பாட்டிலில் பிடித்து ஊர் கூடும் நாளில் காட்டப் போகிறாள். அந்தப் பள்ளிக்கு பெஞ்சு வாங்கிக் கொடுத்ததே அவர்தான். முதல் வரிசையில் உட்காருவார்.

"பியூலா, வேற எங்கயாவது பிடியேன். சர்ச் கிணறு இருக்கே."

"அது எல்லாரும் கொண்டு வருவாங்க. ஷாப் தண்ணி என்கிட்ட மட்டும்தான் இருக்கு. என் பாபா அங்க ஃபோர்மேன்!" அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் பெருமை.

"பர்மிட் புதுப்பிக்கற நேரம்மா இது."

"தண்ணி நல்லா இருந்தா நீ ஏன் பயப்படுற?"

"நல்லா இருக்குன்னு யார் சொன்னா?"

"அப்போ கெட்டதுன்னு உனக்குத் தெரியுமா?"

வக்கீலுக்குப் படிக்க வைக்க வேண்டிய பெண். லில்லி அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தாள். "உங்க தங்கச்சி மாதிரியே பேசறா. ஏழுமலை மாதிரி நிக்கறது நீங்கதான்."

அந்தப் பெயரைக் கேட்டதும் நான் டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன்.

5

ஏழுமலை பள்ளிக்கூடத்துக்கு வந்த காட்சி என் கண்ணிலேயே இருக்கிறது. நான் எஸ்தருக்கு டிபன் கொண்டுபோயிருந்தேன். அவர் வெள்ளை வேட்டி கட்டி, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். பெரிய சத்தமே போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"இன்னா டீச்சரம்மா, நல்லாக் கீறீங்களா? என் கிணத்துப் பேரப் பஸ் ஸ்டாப்புல எழுதி மாட்டிட்டீங்க. ரொம்ப சந்தோஷம்."

எஸ்தர் எழுந்து நின்றாள். "யாரையும் குத்தம் சொல்லலீங்க. தண்ணி எப்படி இருக்குதுன்னு பிள்ளைங்க பாக்கறாங்க, அவ்வளவுதான்."

"குத்தம் சொன்னாக்கூட நான் பதில் சொல்லிப்பேன்மா. என் பெரிய பையனுக்குக் குடியாத்தத்துல பொண்ணு பாத்துக் கீது. தறிக்காரங்க, நல்ல எடம். அவங்க மாப்பிள்ள வீடு பாக்க வர்றாங்க. பஸ்ஸ விட்டு எறங்கினா மொதல்ல இன்னாத்தப் படிப்பாங்க? 'ஏழுமலை கிணறு'. கீழ செத்துப்போன நாத்து!"

வெளியூர் வாசகர்களுக்கு இது புரியாது, ஆனால் உங்களுக்குப் புரியும். நம் பக்கத்தில் பெண் கொடுக்கிற வீட்டு அத்தைகள் மாப்பிள்ளையின் சம்பளத்தை அப்புறம்தான் கேட்பார்கள். முதல் கேள்வி, 'உங்க கிணத்துல பருப்பு வேகுமா?' உப்புத் தண்ணீர் ஊரில் வாழ்க்கைப்படுகிறவள் ஆயுசு முழுக்கக் குடத்தோடு நடக்க வேண்டும். அதனால் சில ஊர்ப் பையன்களுக்குப் பெண்ணே அமையாது.

"நாத்து செத்தா நாத்தோட போச்சு. எம் பையன் கல்யாணம் நின்னா? நாளைக்கே கொல்லையக் காலி பண்ணிடுங்க. பேஜாரு வேணாம்." துண்டை மறுபடி உதறிவிட்டுப் போய்விட்டார். வகுப்பில் இருந்த அவர் மகள் கலா பெஞ்சில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள்.

என் நிலைமையைக் கேட்கிறீர்களா? டிபன் கேரியரைக் கையில் பிடித்தபடியே உபதேசம் ஆரம்பித்தேன். "எஸ்தர், சட்டியெல்லாம் தூக்கிக் கடாசு. அவர் கால்ல விழு. இல்லன்னா விடு, என்கூடக் கென்யாவுக்கு வந்துடு, அங்க டீச்சருங்களுக்கு வேலை இருக்கு."

"அங்க வந்து யாரு கிணத்த நான் பாக்கறது, அண்ணா?" என்றாள். கோபமில்லை. யோசனையில் இருந்தாள். பிறகு ஒரு ஈரத்துணியை எடுத்துக்கொண்டு முன்சுவருக்குப் போய், எழுதியிருந்த பெயரையெல்லாம் தானே துடைத்தாள்.

தோற்றுவிட்டாள் என்றுதான் நினைத்தேன். அவளோ பிள்ளைகளைக் கூப்பிட்டுச் சட்டிகளை இடம் மாற்றி வைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு எழுத்து எழுதச் சொன்னாள். அ, ஆ, இ, ஈ. எந்த எழுத்து எந்தக் கிணறு என்பது கொண்டுவந்த பிள்ளைக்கும் அந்த வீட்டுக்கும் மட்டும் தெரியும். டீச்சரே கேட்கமாட்டார். வெளியே சொல்லக் கூடாது. பெயிலான தண்ணீருக்குக் கூடுதலாகச் சட்டி வைத்து, வேறு எந்த விதை தாங்கும் என்றும் பார்க்கச் சொன்னாள்.

"தண்ணி அவங்களுது. வெக்கமும் அவங்களுது. நமக்கு எதுக்கு?" என்றாள் என்னிடம். "தெரிஞ்சிக்கணும்னு இருக்கிறவங்க வருவாங்க, பாரேன்."

வந்தார்கள்! அடடா, எப்படி வந்தார்கள்! பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் முதலில் ஓரக்கண்ணால் பார்த்தார்கள். மறுநாள் பக்கத்தில் வந்தார்கள். "டேய், நம்முளுது எது? 'உ'வா? ஏன்டா இப்பிடிக் கீது?" என்று பிள்ளைகளின் காதில் கேட்டார்கள். ஒரு அம்மாள் 'ஏ' எங்களுதுதான் என்று தானே சொல்லிவிட்டாள், ஏனென்றால் அதுதான் இருப்பதிலேயே செழிப்பு. பஸ் போய்க்கொண்டே இருந்தது, ஆட்கள் ஏறவில்லை. டிரைவர் ஒருநாள் இறங்கிவந்து, "அப்பிடி இன்னாப்பா விக்கறாங்க?" என்று கேட்டார்.

ஆனாலும் ஏழுமலை வரவில்லை. கொல்லைக்கு வேலி போட்டுவிட்டார்.

6

மாப்பிள்ளை வீடு பார்க்கிற அன்று என்னை அவர் கூப்பிட்டார். தங்கையின் மேல் கோபம், ஆனால் அண்ணன் வெளிநாட்டுக்காரன், சஃபாரி சூட் போடுகிறவன், கூடத்தில் உட்கார்ந்தால் எடுப்பாக இருக்கும் என்று கணக்கு. நானும் போனேன். போகாவிட்டால் கொல்லை என்ன ஆகுமோ என்று கவலை, போனால் என்ன கேட்பார்களோ என்று கவலை.

அன்று காலையிலிருந்து மாப்பிள்ளைப் பையன் சைக்கிளில் குடம் குடமாக நல்ல தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தான். உப்புத் தண்ணீர் ஊர்களில் இது வழக்கம்தான். சம்பந்தி வருகிற அன்று மட்டும் எல்லார் வீட்டிலும் பருப்பு பூவாக வேகும்.

குடியாத்தத்திலிருந்து பெண்ணின் அத்தை வந்திருந்தார். கனத்த உடம்பு, கூர்மையான கண். சாம்பாரை ஒரு வாய் வைத்தார்.

"பருப்பு நல்லா வெந்து கீதே. எந்தத் தண்ணி?"

"நம்ம கிணறுதாங்க" என்றார் ஏழுமலை.

"அப்பிடியா? கை கழுவ நானே ஒரு வாளி எறச்சிக்கறேன்." எழுந்து நேராகப் பின்பக்கம் நடந்தார். கயிறு ஓடுகிற சத்தம். வாளி மேலே வருகிற சத்தம். உள்ளங்கையில் ஏந்தி வாயருகே கொண்டுபோனார்.

"அத்தை, குடிக்காதீங்க."

சொன்னது கலா. அடுப்படி வாசலில் நின்றிருந்தாள். ஏழுமலை அவளைப் பார்த்த பார்வையில் நானாக இருந்தால் கிணற்றில் குதித்திருப்பேன். அவள் பேச்சை நிறுத்தவில்லை.

"அதுல பருப்பு வேகாது. மூணு தடவ வெச்சுப் பாத்தோம். நெல்லு மொளைக்கல. கத்திரி நிக்குது, காய்க்கல. கேழ்வரகு பரவால்ல. தக்கைப்பூண்டு மட்டும் ஜோரா வருது. அத வளத்து மடக்கி உழுதா மண்ணு கொஞ்சம் கொஞ்சமாத் திரும்பும்னு டீச்சர் சொன்னாங்க. குடிக்கவும் பொங்கவும் மேட்டுத் தெரு கிணறு. அது நல்ல தண்ணி, அதையும் பாத்துட்டோம். அண்ணன் சைக்கிள்ல கொண்டாந்துடும், அண்ணி நடக்க வேணாம்."

அத்தை வாளியைத் தரையில் வைத்தார். கையைப் புடவையில் துடைத்தார். ஏழுமலையைத் திரும்பிப் பார்த்தார்.

"எத்தினி ஊர் பாத்துட்டேன். எங்க போனாலும் 'நம்ம கிணறுதாங்க'. வேகாத பருப்ப வேகாதுன்னு சொல்ற வீடு ரொம்பக் கம்மி." அப்புறம் கலாவிடம், குரலைத் தாழ்த்தி, "ஏம்மா, எங்க தெருவுல சாயத் தண்ணி ஓடுது. எங்க கிணத்தையும் பாப்பீங்களா?"

நிச்சயதார்த்தத்துக்கு வெற்றிலை, பழம், பூ வைத்த தட்டுகளோடு ஒரு தட்டில் பாட்டிலும் வந்தது. மூடியைத் துணியால் கட்டி, குங்குமம்கூட வைத்திருந்தார் அந்த மகராசி. அதை ஏழுமலையே எடுத்துக்கொண்டு பள்ளிக்கு வந்தார். சுவர் மேல் இருந்த சட்டிகளை ஒரு பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டே போனார்.

"எங்க சட்டி எதும்மா?" என்று மகளிடம் கேட்டார். அவள் காட்டினாள். குனிந்து, உப்புப் பூத்த மண்ணை விரலால் தொட்டுப் பார்த்தார். பக்கத்துச் சட்டியில் அதே தண்ணீரில் தக்கைப்பூண்டு ஒரு முழம் நின்றிருந்தது.

"டீச்சரம்மா, வேலியப் பிரிச்சுட்டேன். இந்தப் பூண்ட எப்போ வெதைக்கணும்?"

எஸ்தர் சொன்ன பதிலை நான் கேட்கவில்லை. பிள்ளைகள் போட்ட கூச்சலில் என் காதே அடைத்துவிட்டது. நானும் கத்தினேன் என்று லில்லி சொல்கிறாள். இருக்கலாம்.

7

ஆக, பியூலாவின் இரண்டு பாட்டில்களையும் எடுத்துக்கொண்டு நானே ஓடைக்குப் போனேன். மேலே ஒன்று பிடித்தேன். ஷாப்பைச் சுற்றிக் கீழே இறங்கி இன்னொன்று பிடித்தேன். வாட்ச்மேன் பார்த்துக் கையாட்டினான். நானும் பாட்டில் பிடித்த கையையே ஆட்டினேன்.

வீட்டுக்கு வந்ததும் கீழ்ப்பாட்டிலிலிருந்து கொஞ்சம் ஊற்றிப் பருப்பு போட்டு அடுப்பில் வைத்தேன். "என் பாத்திரத்துல வேணாம்" என்று லில்லி ஒரு பழைய டப்பாவைக் கொடுத்தாள். பியூலாவும் நானும் எதிரெதிரே உட்கார்ந்தோம். கொதிக்கிறது, கொதிக்கிறது. அவள் ஒரு பருப்பை எடுத்து விரலால் நசுக்கினாள். அது வழுக்கித் தெறித்து என் சட்டையில் பட்டது.

"கல்லு" என்றாள் தமிழில்.

இனி எஸ்தர் வழிதான் என்று முடிவு செய்தேன். பள்ளியில் பெயர் எழுத வேண்டாம், எழுத்து மட்டும் போடுங்கள் என்று பியூலாவிடம் சொன்னேன். அவளும் வாஞ்சிரு டீச்சரிடம் சொல்லியிருக்கிறாள். டீச்சருக்குப் பிடித்துப்போனது. ஆனால் ஆங்கில எழுத்து போட்டால் வகுப்புப் பெயர்ப் பட்டியலின் வரிசையோடு ஒப்பிட்டுப் பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்களாம். "பாபா, உன் எழுத்து குடு. இங்க யாருக்கும் தெரியாது." எட்டு வருஷம் நான் கெஞ்சியும் பென்சில் பிடிக்காத பெண், அன்று மேஜையில் குனிந்து அ முதல் ஔ வரை எழுதிப் பழகினாள். 'இ' மட்டும் நத்தை மாதிரி சுருண்டுகொண்டது. ஷாப்புக்கு மேலே பிடித்த தண்ணீருக்கு 'ஈ', கீழே பிடித்த தண்ணீருக்கு 'ஆ' என்று வைத்தாள். இப்போது அந்தப் பள்ளிச் சுவர் மேல் தமிழ் உயிரெழுத்துகள் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. கென்யாப் பிள்ளைகள் 'ஆ' சட்டியைக் காட்டி வாயைத் திறந்து 'ஆஆ' என்கிறார்கள்.

'ஈ' சட்டி பச்சைப் பசேல். 'ஆ' சட்டியில் எதுவும் முளைக்கவில்லை.

முதலாளி அதைப் பள்ளியில் போய்த் தெரிந்துகொள்வதற்கு முன்னால் நான் சொல்லிவிட வேண்டும் என்று பட்டது. அது அவர் சட்டி அல்லவா? அவர் குஜராத்திக்காரர், தாத்தா காலத்திலிருந்து இங்கேயே இருப்பவர். அவரிடம் பேச எனக்கு ஆங்கிலமும் போதாது, சுவாஹிலியும் போதாது. அதனால் மறுபடி பருப்பு வேகவைத்து, அதை ஒரு கிண்ணத்தில் போட்டு எடுத்துக்கொண்டு அவர் அறைக்குப் போனேன். மேஜை மேல் வைத்தேன்.

"இது என்ன?"

"பருப்பு சார். ஓடையில, நம்ம ஷாப்புக்குக் கீழ பிடிச்ச தண்ணி. ரெண்டு மணி நேரம் கொதிச்சது. என் பொண்ணு பள்ளிக்கூடத்துல பாடம்."

தினம் பருப்பு சாப்பிடுகிற வீட்டில் பிறந்தவர். ஒரு பருப்பை எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து அழுத்தினார். நசுங்கவில்லை. இன்னொன்று. அதுவும் இல்லை. என் அனுமதிச் சீட்டு அந்த இரண்டு விரலுக்கு நடுவில் இருப்பது மாதிரி எனக்குத் தோன்றியது.

"கீழே எத்தனை வீடு இருக்கிறது?" என்று கேட்டார்.

"நிறைய இருக்கு சார்."

அவர் ஜன்னல் வழியாக ஓடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "உங்கள் ஊரில் என்ன செய்தார்கள்?"

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். வருகிற தோலில் அப்பியிருக்கும் உப்பை அப்படியே தொட்டியில் கரைத்து ஓடைக்கு விடுகிறோம். ஊறப்போடுவதற்கு முன்னால் தோலை உதறினால் உப்பில் ஒரு பங்கு தரையிலேயே விழுந்துவிடும், அள்ளித் தனியாக வைக்கலாம். ஊரில் சில ஷாப்புகளில் அப்படிச் செய்வதை நான் பார்த்திருக்கிறேன். சுண்ணாம்புத் தண்ணீருக்கு என்ன வழி என்று எனக்குத் தெரியாது, வாஞ்சிரு டீச்சரையும் என் தங்கையையும் கேட்க வேண்டும். இவ்வளவையும் உளறிக்கொட்டி முடிப்பதற்குள் வியர்த்துவிட்டது.

"திங்கட்கிழமையிலிருந்து உதறுங்கள்" என்றார். நான் வாசல் வரை போனபின், "உன் மகளின் சட்டி எது?" என்று கேட்டார்.

"அதை அவங்க சொல்ல மாட்டாங்க சார். அதுதான் விதி."

முதல் தடவையாக அவர் சிரித்துப் பார்த்தேன். அனுமதிச் சீட்டில் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. கேட்கவும் எனக்குத் தைரியம் வரவில்லை. பேரன்ட்ஸ் டேக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார். வாஞ்சிரு டீச்சர் என்னையும் பிள்ளைகள் முன்னால் வந்து உப்பைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார். எட்டாம் வகுப்போடு நின்றவன் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லப்போவது இதுதான் முதல் தடவை.

இரண்டு வாரமாக உதறுகிறோம். மதில் ஓரம் உப்பு என் இடுப்பளவு குவிந்திருக்கிறது. வெயிலில் பார்த்தால் கண் கூசுகிறது. இத்தனையும் ஓடையில் போயிருக்கும் என்று நினைத்தால் திக்கென்கிறது. போகவில்லை என்று நினைத்தால் ஆடவேண்டும்போல் இருக்கிறது. அதை வைத்து என்ன செய்வது என்று எஸ்தருக்கு எழுதிக் கேட்டிருக்கிறேன். பியூலா அந்தக் கடிதத்தின் அடியில் தன் கையால் 'அத்தை' என்று எழுதினாள். 'த்' மட்டும் தலைகீழ்.

இதோ, மேற்கே கருக்கிறது. மழை வந்தால் குவியல் கரைந்து மறுபடி ஓடைக்கே போய்விடும். இத்தனை வருஷம் சும்மா பட்ட கவலைக்கெல்லாம் இப்போதுதான் ஒரு உருப்படியான வேலை கிடைத்திருக்கிறது. பியூலா தார்ப்பாயின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்று, "அப்பா, சீக்கிரம் வா!" என்று கத்துகிறாள்.

போய் மூட வேண்டும்.